குதிரைக்கு உரிய அளவு

சுங்கை திமா தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளைப் பற்றிய பாடத்தை ரமணி வாய்விட்டுப் படித்த அன்று, அங்கே கட்டியிருந்த மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூத்திரம் பெய்தன. பாடம் முடியும்வரை அவை நிறுத்தவில்லை. கால்வாய் நிரம்பி, வாழை மரங்களைத் தாண்டி, கோயில் தலைவர் ரெங்கசாமி துடைத்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் பின் சக்கரம்வரை வந்து நின்றது. அந்த வாரம் செம்பனைப் பழம் நல்ல விலைக்குப் போயிற்று, கோலா சிலாங்கூர் சந்தையில் கெம்போங் மீன் விலை ஏறியிருந்தது, ரமணி வீட்டு மாடுகள் பாடத்துக்குத் தகுந்தபடி மூத்திரம் பெய்தன. தோட்டத்தில் பேசிக்கொள்ள அந்த வாரம் இவ்வளவுதான் செய்தி. பக்கத்திலேயே நின்று பாடத்தைக் கேட்ட அவள் கணவன் புனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தின் அட்டையிலேயே கால்நடை மருந்தியல் என்று போட்டிருந்ததால் அதில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

ரமணி நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புக்கிட் பெருந்துங்கில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோனபோது, கூட வேலை பார்த்த பெண்கள் பேரங்காடிக்கும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கும் போனார்கள். இவள் மட்டும் பத்தாங் காலிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில், கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பில் பெயர் கொடுத்தாள். அதற்குக் காரணம் கருவாச்சி என்ற பசு. கருவாச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது, எங்கிருந்தோ பையோடு வந்த ஒருவன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணளவில் மருந்தை உறிஞ்சி ஊசி போட்டான். அவன் போட்ட மருந்து சரியானதுதான், அளவுதான் தப்பு. கருவாச்சி அன்று மாலையே செத்துப்போயிற்று. இனி என் கொட்டகையில் ஒரு மாடும் கண்ணளவால் சாகக்கூடாது என்று ரமணி அழுதுகொண்டே சொன்னாள். அழுகிறவர்கள் சொல்வதெல்லாம் அடுத்த வாரம் மறந்துபோகும் என்று புனிதன் நினைத்தான். அடுத்த வாரம் அவள் பழைய கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

வீட்டில் படிக்க வழியில்லை. புனிதன் பகலில் பழ லோரி ஓட்டினான், மாலையில் கல்யாண வீடுகளில் பாடுவதற்காகக் கூடத்தில் கரோக்கே பெட்டியை வைத்துப் பயிற்சி எடுத்தான். அவன் குரலை மாடுகள்கூட விரும்பவில்லை என்பதால் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே அவனே ஒரு தகரச் சுவர் அடித்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துதான் ரமணி படித்தாள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, வகுப்பு பாதி மலாயில் நடந்தது. ஆனால் மண்டைக்குள் ஏற வேண்டுமென்றால் அவளுக்குத் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். வரிக்கு வரி தமிழாக்கி, ராகம் போட்டு, உரக்கப் படித்தாள். ஆங்கிலத்தில் படித்த நாள்களில் மாடுகள் சும்மா அசைபோட்டன. தமிழில் படித்தால் மருந்து வேலை செய்தது. குடற்புழுப் பாடத்தன்று புழு விழுந்தது, பேதி மருந்துப் பாடத்தன்று நடந்ததை எழுதாமல் விடுவது நல்லது. பக்கத்து மலாய்க் கம்பத்தில் குடியிருந்த பாக் மான் என்ற பெரியவர் தன் ஆடுகளுக்கும் புழு மருந்து வேண்டுமென்று கேட்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் படித்துப் பார்த்தாள். ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலாயில் படித்த பிறகுதான் குணம் கண்டது. அதற்குக் கூலியாக ஒரு தார் வாழைப்பழம் வந்தது.

இத்தனை வல்லமை இருந்தும் ரமணி மருந்தியல் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். காரணம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அங்கே படிப்பு என்றால் முதல் வரியிலிருந்து கூட்டமாகக் கத்துவது. ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால், ரமணி இன்றைக்கும் ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு என்று தொடங்கித்தான் ஐம்பத்தாறுக்கு வந்து சேருவாள். நடுவில் ஏறிக்கொள்ளத் தெரியாது. மருந்தியலையும் அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். தேர்வில் ஒரு பக்கத்தின் கடைசி வரியைக் கேட்டால், முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வருவதற்குள் மணி அடித்துவிடும். பாடம் நடத்திய டாக்டர் உமாபதி நல்ல மனிதர்தான், ஆனால் கேள்வியை எப்போதும் நடுவிலிருந்து கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மூன்றாவது முறையும் தோற்றால் கல்லூரி அவள் பெயரை எடுத்துவிடும். பிறகு அவள் கொட்டகைக்கும் பையோடு ஒருவன் வந்து புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். அந்த நினைப்பு வந்தால் ரமணிக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது தேர்வுக்குச் சற்று முன்னால் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. திருவிழாவில் பால்குடம் முக்கியம். பால் ரமணி வீட்டு மாடுகளிடமிருந்துதான் போகும். பாக்கெட் பால் அம்மனுக்கு ஆகாது என்பது ரெங்கசாமியின் கொள்கை. ரெங்கசாமி எப்போது கோயில் தலைவர் ஆனார் என்பது தோட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் போடுவார்கள், புதுத் தலைவர் வேண்டும் என்று பேசுவார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கால் வலித்து மற்றவர்கள் கலைந்துபோவார்கள். திருவிழா அன்று பூசை முடிந்ததும் அவர் பேசுவார். அந்தப் பேச்சு முடிந்து சோறு போடுவதற்குள் சாம்பார் ஆறி, மேலே ஆடை படிந்திருக்கும்.

திருவிழா அன்று காலையில், பால் கறப்பதற்கு முன் கிடைத்த நேரத்தில், ரமணி மயக்க மருந்துப் பாடத்தை எடுத்தாள். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் குதிரைமேல் ஆசை கொண்டவர்கள் போலும். எந்த மருந்தானாலும் முதல் வரி குதிரைக்கு, அடுத்தது நாய்க்கு, அதற்கும் கீழேதான் மாடு. அதுவரை படித்த மருந்துகளில் இது பெரிய இடைஞ்சலாக இல்லை. ஆனால் மயக்க மருந்து ஒன்றில், குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அந்தச் செய்தி பக்கத்தின் அடியில் இருந்தது. ரமணி வழக்கம்போல மேலிருந்து, ராகத்தோடு, குதிரைக்கு உரிய அளவைப் படித்தாள். நாய்க்கு வருவதற்குள் மாடுகள் ஒவ்வொன்றாக முழங்காலை மடக்கி உட்கார்ந்தன. மாட்டுக்கு வருவதற்குள் எல்லாம் தாடையைத் தரையில் வைத்து எச்சில் ஒழுகத் தூங்கிப்போயின. கடைசியாக விழுந்தது சிவப்பி. அது கருவாச்சியின் மகள், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சினைப் பசு.

பால் வாங்குவதற்காக மஞ்சள் வேட்டியும் பித்தளைக் குடமுமாகக் கோயில் செயலவையினர் வந்து சேர்ந்த நேரம் அதுதான். மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிற்றில் காற்று அடைத்து மூச்சு நின்றுவிடும் என்பது ரமணிக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அவள் குடங்களைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, செயலவையினரை ஒரு மாட்டுக்கு ஓர் ஆளாக முதுகு கொடுத்து உட்காரச் சொன்னாள்.

“நாங்க பாலுக்கு வந்தோம்மா,” என்றார் ரெங்கசாமி.

“மாடு சாஞ்சிச்சுன்னா வயிறு உப்பிச் செத்துப்போயிரும் தலைவரே. நல்லா முதுகக் கொடுத்து ஒக்காருங்க லா!”

விரதம் இருந்தவர்கள் மாட்டுக்கு ஒருவராகச் சாணியில் உட்கார்ந்து முட்டுக்கொடுத்தார்கள். ரெங்கசாமிக்குச் சிவப்பி வாய்த்தது. மயக்கத்தைத் தெளியவைக்கும் எதிர்மருந்து பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ரமணி அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வாய் தானாக முதல் வரிக்குப் போய், குதிரைக்கு என்று ஆரம்பித்தது. சிவப்பியின் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. மறுபடியும் முயன்றாள். மறுபடியும் குதிரை. சிவப்பியின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

“நடுவுலேர்ந்து படிக்க வேண்டியதுதானே?” என்றான் புனிதன்.

“வர மாட்டேங்குதுங்க. வாயி மேல போயிருது.”

சினை மாட்டுக்கு அந்த மயக்க மருந்து ஆகாது, கருப்பையை இறுக்கிக் கன்றை முன்னதாகவே வெளியே தள்ளிவிடும் என்பதும் அதே பாடத்தில் இருந்தது. அதை அவள் எத்தனையோ முறை ராகத்தோடு படித்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்பது இப்போதுதான் நெஞ்சில் போய் இடித்தது. கருவாச்சியைக் கொன்றவன் கையிலாவது புத்தகம் இல்லை, என் கையில் இருக்கிறதே என்று நினைத்தபோது ரமணிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. புத்தகத்தை மூடித் தவிட்டு மூட்டையின்மேல் போட்டாள். சிவப்பியின் முகத்தருகே போய்க் குந்தி உட்கார்ந்து, ராகம் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள்.

“சிவப்பி, இங்க பாரு. ஒன் ஒடம்புக்குள்ள நாற்காலி நெறைய கெடக்கு. அந்த மருந்து வந்து நாற்காலியில எல்லாம் ஒக்காந்துகிச்சு. அதனாலதான் ஒனக்குத் தூக்கம். எழுந்திரின்னா அது எழுந்திரிக்காது, நம்ம தலைவர் மாதிரி. திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆனா தலைவரும் எப்பவாச்சும் ஒரு வாட்டி ஒண்ணுக்குப் போக எழுந்திரிப்பாருல்ல? அந்த நேரம் பார்த்து, அதே நாற்காலிக்குப் பொருந்துற வேற ஆளுங்கள நெறைய அனுப்பினா, அவனுங்க ஒக்காந்துக்குவானுங்க. ஒக்காந்து ஒண்ணும் செய்ய மாட்டானுங்க, சும்மா எடத்தப் புடிச்சுக்கிட்டு இருப்பானுங்க. அது போதும். திரும்பி வந்த தலைவருக்கு எடம் இருக்காது. ஒனக்கு முழிப்பு வந்துரும்.”

இப்படிச் சொல்லிவிட்டு, அந்த எதிர்மருந்தின் பெயரையும், மாட்டுக்கு உரிய அளவையும் சொன்னாள். எங்கிருந்தும் ஆரம்பிக்கவில்லை. நேரே அங்கேயே போனாள். அதைத் தான் செய்துவிட்டோம் என்பதைக்கூட அவள் அப்போது கவனிக்கவில்லை. கொட்டகையின் அந்தக் கோடியில் வெள்ளைச்சி என்ற பசு காதை ஆட்டியது. பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னங்காலை ஊன்றி எழுந்தன, முட்டுக்கொடுத்தவர்கள் மல்லாந்து விழுந்தார்கள். ரெங்கசாமி மட்டும் மாடு எழுவதற்கு முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஏன் உட்கார முடியாமல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சிவப்பி கடைசியாக எழுந்தது. ரமணி அதன் வயிற்றில் காதை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து அவள் காதிலேயே ஓர் உதை விழுந்தது. ரமணி மாட்டைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள், புனிதனும் அழுதான்.

சாணியைத் துடைத்துக்கொண்ட செயலவையினர், சரி, பாலைக் கறங்கள் என்றார்கள். ரமணி முடியாது என்றாள். மருந்து ஏறிய மாட்டின் பாலை, அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை விலக்கி வைக்க வேண்டும், இது சட்டம் என்றாள். ஊசியே போடவில்லையே, எந்த மருந்து ஏறியது என்று ரெங்கசாமி வாதாடினார்.

“தூங்கிச்சா இல்லியா? தூங்கிச்சுன்னா மருந்து உள்ள இருக்கு. உள்ள இருந்தா பால்லயும் இருக்கு. அவ்ளோதான் தலைவரே.”

செயலவையினர் முனகிக்கொண்டே கோலா சிலாங்கூருக்கு வண்டி எடுத்துப் போய்ப் பாக்கெட் பால் வாங்கி வந்தார்கள். ரெங்கசாமி போகவில்லை. ரமணி முகம் கழுவப் போன நேரத்தில் அவர் வெள்ளைச்சியின் மடியிலிருந்து தன் குடத்தை நிரப்பிக்கொண்டார். கொள்கைக்காரர் வேறு என்னதான் செய்வார்? தலைவரின் குடம் என்பதால் முதல் அபிஷேகம் அதுதான். அந்தக் குடத்துப் பிரசாதப் பாலிலும் முதல் டம்ளர் தலைவருக்குத்தான், அதுவும் பெரிய டம்ளர், மற்றவர்களுக்கு வந்தது பாக்கெட் பால். குடித்துவிட்டு, பேசுவதற்காக ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, அன்பார்ந்த என்று ஆரம்பித்தவர், பெரியோர்களே என்பதற்குள் தூங்கிவிட்டார். கையிலிருந்த ஒலிவாங்கி வழியாக அவர் குறட்டை தோட்டத்துக் கடைசி லய வீடுவரை கேட்டது. அந்த ஆண்டுதான் எல்லாரும் சாம்பாரைச் சூட்டோடு சாப்பிட்டார்கள். எதிர்மருந்தைச் சொல்லித் தலைவரை எழுப்பும்படி கேட்டபோது, மனிதர்களுக்கு மருந்து சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்று ரமணி மறுத்துவிட்டாள். ஆனால் அவர் உருவத்தை மேலும் கீழும் பார்த்து, ஒரு வளர்ந்த கன்றுக்குட்டியின் எடை என்று வைத்துக்கொண்டு, மருந்து பாதியாகி மறுபடி பாதியாகிக் குறைகிற கணக்கைப் போட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் எழுவார் என்றாள். விளக்கு வைக்கும்போது அவர் எழுந்து, அன்பர்களே, இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அதே பாலில் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று பலபேர் தனித்தனியாக ரமணியைக் காதோடு கேட்டார்கள். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

தேர்வு அன்று டாக்டர் உமாபதி வழக்கம்போல நடுவிலிருந்து கேட்டார். கிழட்டு ஆடு ஒன்று, ஈரல் கெட்டுப்போயிருக்கிறது, மருந்தின் அளவை என்ன செய்வீர்கள் என்றார். ரமணியின் நாக்கு பழக்கத்தில் முதல் வரியைத் தேடியது. அவள் அதை அடக்கிக்கொண்டு அந்த ஆட்டை நினைத்துப் பார்த்தாள். டாக்டர், ஈரல்தான் உடம்பின் கிராணி, தோட்ட அலுவலகத்து எழுத்தர் மாதிரி, வருகிற மருந்தையெல்லாம் பதிந்து வெளியே அனுப்புவது அதுதான், கிராணி லீவில் இருந்தால் எதுவும் நகராது, அதனால் குறைத்துக் கொடுப்பேன், நாள் விட்டுக் கொடுப்பேன் என்றாள். உமாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு செய்முறைத் தேர்வு. கல்லூரித் தொழுவத்தில் ஒரு பசு நின்றது. அதன் எடையைக் கணக்கிட்டு, மயக்க மருந்தை அளந்து ஊசியில் ஏற்றி, போட்டுக் காட்ட வேண்டும். ரமணி கணக்குப் போட்டு, தப்பு வந்துவிடக்கூடாதே என்று அளவைத் தமிழில் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பசு தமிழர்கள் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து வாங்கியது, அதற்குத் தமிழ் தெரியும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஊசி கைக்கு வருவதற்குள் பசு நிதானமாகத் தலையைத் தொங்கவிட்டு, கீழுதடு தளர, நின்றபடியே கண்ணயர்ந்தது.

“ம், போடுங்க,” என்றார் உமாபதி. ஊசி போட்டுக் காட்டினால்தான் மதிப்பெண்.

போட்டால் தேர்ச்சி, மாட்டுக்கு இரட்டை அளவு. போடாவிட்டால் மூன்றாவது தோல்வி, பெயர் போய்விடும். ரமணி கருவாச்சியை நினைத்தாள். ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“போட மாட்டேன் டாக்டர். ஏற்கெனவே ஏறிடுச்சு. இனிமே போட்டா அதிகம்.”

உமாபதி மாட்டின் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியை எண்ணினார், ஒழுகிய எச்சிலைப் பார்த்தார். சரியான அளவு ஏறிய மாடு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுப்புங்கள் என்றார். ரமணி பசுவின் காதருகே போய், எங்கள் தோட்டத்தில் ஒரு கோயில் தலைவர் இருக்கிறார் என்று ஆரம்பித்தாள். நாற்காலிக் கதை முடிந்து எதிர்மருந்தின் அளவைச் சொன்னதும் பசு விழித்துப் புல்லைத் தின்றது. உமாபதி முழு மதிப்பெண் போடவில்லை. ஊசி போடும் இடத்தைச் சாராயப் பஞ்சால் துடைக்காததற்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார். ரமணி தேறிவிட்டாள்.

இப்போது கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் ரமணியைத்தான் கூப்பிடுகிறார்கள். வர முடியாத தூரமானால் கைப்பேசியை மாட்டின் காதில் வைக்கச் சொல்லிப் பேசுகிறாள். முதலில் மாட்டைப் பற்றி நிறையக் கேட்பாள், என்ன தின்றது, எத்தனை ஈற்று, பேசுகிற மொழி எது என்றெல்லாம். அதன் பிறகே மருந்து. ரெங்கசாமி அடுத்த கூட்டத்தில் தலைவர் பதவியைத் தாமே விட்டுக்கொடுத்தார். உட்கார்ந்தால் மாடுகள் தம்மைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

சிவப்பி காலம் தவறாமல் ஒரு கிடாரிக் கன்றைப் போட்டது. வயிற்றுக்குள் இருந்தபோதே குதிரைக்கு உரிய அளவைத் திரும்பத் திரும்பக் கேட்ட கன்று அது. ஈரம் காய்வதற்குள் எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பசித்தால் கனைத்தது. காதில் எண் குத்த வந்த அலுவலர் அது கனைப்பதைக் கேட்டுவிட்டு, சற்று யோசித்து, மாடு என்றே பதிந்துகொண்டு போனார். புனிதன் அதற்கு ரேஸ்காரி என்று பெயர் வைத்தான். பழ லோரியோடு அது போட்டி போட்டு ஓடுவதைத் தோட்டத்தில் இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒருநாள் ஓடிய வேகத்தில் முள்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட வேண்டியிருந்தது. ரமணி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கு உரிய அளவைச் சொன்னாள். ரேஸ்காரி காதை மட்டும் அசைத்தது. ரமணி கொஞ்ச நேரம் அதன் கண்ணையே பார்த்தாள், பிடரியைத் தடவிக்கொடுத்தாள், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழ்ப்பள்ளி ராகத்தில், குதிரைக்கு என்று ஆரம்பித்தாள். ரேஸ்காரி கண்ணை மூடியது. அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் இன்றைக்கும் முதல் வரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள்.